இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே

பாளையங்கோட்டை பொதிகை எழில் குடியிருப்பின் லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுபோனால் உலகத்திலுள்ள கடிகாரம் அத்தனையும் கூடவே நின்றுபோகும் என்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்தவள் உலகம்மாள்தான், கண்டுபிடித்துவிட்டு அதனால் ஒரு மண்ணும் பிரயோஜனப்படாமல் ஆறு மாதம் வயிறெரிந்து கிடந்தவளும் அவளேதான், ஆகையால் இந்தக் கதையை அவள் பக்கத்தில் நின்றுதான் சொல்ல வேண்டும், மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டால் எல்லாம் முறைப்படிதான் நடந்தது என்று சொல்லிவிடுவார்கள்.

உலகம்மாளுக்கு ஐம்பத்தாறு வயது. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, நாவலை முடிக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள், அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவரைக்கும் அவளை ஒருத்தரும் தேடவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து காலிங் பெல்லுக்கு ஓய்வில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த கூரியரை வாங்கி வைக்க வேண்டும், மோட்டார் போட்டாயிற்றா என்று எட்டிப் பார்க்க வேண்டும், சடங்குப் பத்திரிகைக்கு வாசகம் எழுதித் தர வேண்டும், மாநகராட்சிக்குச் சாக்கடை மனு எழுதித் தர வேண்டும், தாத்தாவின் பதினாறாம் நாள் நோட்டீஸுக்கு நாலு வரி உருக்கமாக எழுதித் தர வேண்டும். "நீங்கதான் எழுத்தாளராச்சே, உங்களுக்கு என்ன, அஞ்சு நிமிஷ வேலை" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷங்களைச் சேர்த்து வைத்திருந்தால் அவள் இரண்டு நாவல் எழுதியிருப்பாள்.

நாவலோ பத்தொன்பது வருஷமாக நடக்கிறது. உப்பளத்தில் வேலை செய்கிற மாடத்தி என்பவள் ஒருநாள் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, புருஷனை விட்டு, ஊரை விட்டுக் கிளம்பி, பஸ் படியில் ஒரு காலை வைக்கிறாள், அங்கே வந்து கதை நின்றுபோயிருந்தது. ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். இரண்டு வருஷமாக அவள் அப்படியே நிற்கிறாள், கால் கடுக்காதா, அவளும் மனுஷிதானே. அடுத்து என்ன என்று உலகம்மாளுக்கு நன்றாகத் தெரியும், கடைசி அத்தியாயத்தின் நாற்பது வாக்கியங்கள் வரிசையாக அவள் தலைக்குள் இருந்தன, ஒருநாள் மத்தியானம் உட்கார்ந்தால் எழுதிவிடலாம், ஆனால் அந்த ஒரு மத்தியானம் வாய்க்கவே இல்லை. போதாததற்கு, பெல் அடிக்கும்போதெல்லாம் ஒரு வாக்கியம் நழுவி விழுந்தது. திரும்பி வந்து தேடினால் கிடைக்காது. நாற்பது முப்பத்திமூன்றாகி, ஐப்பசியில் இருபத்தாறாகி நின்றபோது அவள் தினமும் விரல்விட்டு எண்ணிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். எல்லாம் போய்விட்டால் பத்தொன்பது வருஷமும் முடிவில்லாத ஒரு காகிதக் கட்டாகப் பரண்மேல் கிடக்கும், மாடத்தி படியிலேயே நின்று செத்துப்போவாள்.

அந்த ஐப்பசியில் ஒருநாள், வீட்டுக்குள் இருந்தால் ஆகாது என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு முற்றத்து மரத்தடியில் உட்காரலாம் என லிஃப்டில் இறங்கினாள். எதிர் வீட்டு ஜெபமணி டீச்சரின் குக்கர் அப்போதுதான் இரண்டாவது விசில் அடித்தது. லிஃப்ட் மூன்றைத் தாண்டி, இரண்டைத் தொடாமல், நடுவில் முனகிக்கொண்டு நின்றது. மணியை அழுத்தினாள், சத்தம் வரவில்லை. செல்லைப் பார்த்தாள், மணி பதினொன்று ஐந்து, அப்படியே இருந்தது. கத்திப் பார்த்தாள், யாரும் வரவில்லை. யாரும் வரவில்லை என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். கடைசி அத்தியாயத்துக்கு வழி விடாமல் முப்பதாம் அத்தியாயத்தில் பாதியில் நின்றிருந்த உப்புக் காற்று முழுவதையும் முதலில், அடித்து அடித்துத் திருத்தி, விரல் மரத்துப்போகும்வரை எழுதினாள். நான்கு மணி நேரமாவது இருக்கும். எழுந்து, மரத்துப்போன காலை மூன்று தடவை உதறித் தரையில் தட்டியதும் லிஃப்ட் தானாக மேலே ஏறி மூன்றாம் மாடியில் கதவைத் திறந்தது, ஜெபமணி டீச்சரின் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது.

இதில் ஆச்சரியப்பட அவளுக்கு நேரமில்லை. விஷயத்தைப் புருஷனிடம் சொன்னதுதான் பிசகு. சங்கரலிங்கம் நல்ல மனுஷன், கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு சுடுசொல் சொன்னதில்லை, ஆனால் ஓட்டை வாய். காலையில் சொன்னது சாயங்காலத்துக்குள் பதினாறு வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

பதினாறு வீட்டிலும் ஒருத்தர்கூட 'அய்யோ, அப்படியா' என்று வாயைப் பிளக்கவில்லை. பழைய லிஃப்டுன்னா அப்படித்தான் இருக்கும் என்றார் கீழ்வீட்டு ஹமீது பாய். எங்க சித்தி வீட்டுக் கிணத்தடியிலயும் இப்படித்தான், போனா பொழுது போகாது என்றாள் ஒருத்தி. உள்ளே துணி காயுமா என்று கேட்டாள் இன்னொருத்தி. மறுநாளே ஆளாளுக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள், மூன்றில் ஏறி இரண்டை அழுத்தினால் நடுவில் நின்றுவிடும், தரையில் மூன்று தட்டுத் தட்டினால் திரும்பிவிடும். ஜெபமணி டீச்சர் பரீட்சைப் பேப்பர் கட்டோடு உள்ளே போய் அடுத்த நொடி திருத்திய கட்டோடு வந்தார். ஹமீது பாய் தலையணையோடு போய்த் தூக்கத்தை முடித்துவிட்டு வந்தார். நாலாம் மாடியில் மாமியார் மாமனாரோடு இருக்கிற புதுப் புருஷன் பெண்டாட்டி, வீட்டில் வாய்விட்டுச் சண்டை போட முடியாதவர்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள், கதவு மூடித் திறப்பதற்குள் தொண்டை கட்டிப்போய், கையைக் கோத்துக்கொண்டு வெளியே வருவார்கள். ஒரு அம்மாள் அழுதுவிட்டு வருவதற்கென்றே வெள்ளிக்கிழமைதோறும் போனாள். உள்ளே பசிக்காது, தாகம் எடுக்காது, ஆனால் நகமும் முடியும் வளரும் என்பதும் சீக்கிரமே தெரிந்தது, ஏனென்றால் காலையில் மை போட்ட தலையோடு போன ஹமீது பாய் ஒரு நீண்ட தூக்கத்துக்குப் பிறகு அடியில் ஒரு விரற்கடை வெள்ளையோடு வந்து நின்றார். உள்ளே போகிறவர்களுக்கு வயது ஓடுகிறது என்று புரிந்தது. அதனாலென்ன, வெளியே இருந்தால் மட்டும் ஓடாதா என்று அதையும் விட்டுவிட்டார்கள்.

இதுவரைக்கும்கூட உலகம்மாளுக்குக் குறையில்லை. எல்லாரும் போகட்டும், போகிறவர்கள் ஒரு நொடியில் வந்துவிடுகிறார்கள், கூட்டம் ஓய்ந்ததும் அவளும் நோட்டோடு போகலாம் என்றிருந்தாள். ஆனால் சங்கம் என்று ஒன்று இருக்கிறதே. குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளர் ஆவுடையப்பன், வட்டாட்சியர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒழுங்கில்லாமல் ஒரு நல்ல காரியம் நடப்பதைக் கண்ணால் பார்க்க முடியாதவர். அவசரக் கூட்டம் போட்டார். மூன்று மணி நேரம் நடந்த அந்தக் கூட்டத்தில், லிஃப்டை ஆளுக்கு வாரம் ஒருமுறை, முறைவைத்து, உள்ளே செல் ஓடாவிட்டாலும் ஓடுகிற, சாவி கொடுக்கிற டைம்பீஸ் கணக்கில் கால் மணி நேரம் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. உலகம்மாள் எழுந்து நின்றாள்.

"சார், உள்ள எவ்வளவு நேரம் இருந்தாலும் வெளிய ஒரு நொடிகூட ஆகாது. அப்புறம் எதுக்கு முறை?"

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல வந்து நின்னா?"

"ஒருத்தர் போவார், உடனே வந்துருவார். அடுத்தவர் போவார்."

"அவரு உள்ள ரொம்ப நேரம் இருந்துட்டா, இவரு காத்துக் கெடக்கணும்லா?"

"எங்க சார் காத்துக் கெடக்காரு? கதவு மூடும், தெறக்கும், அவ்வளவுதான்!"

"இப்பம் அப்படித்தான் சொல்லுவிய மேடம். நாளப்பின்ன பிரச்சனைன்னு வந்தா என்னைத்தான் கேப்பாக" என்றார் ஆவுடையப்பன். கூட்டம் தலையாட்டியது. ஆமா, ஒரு ஒழுங்கு வேணும்லா என்றார் ஹமீது பாய், ஜெபமணி டீச்சரும் ஆமென்பதுபோல் பார்த்தார். உலகம்மாளுக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

லிஃப்டுக்குப் பூட்டு வந்தது, சாவி ஆவுடையப்பன் இடுப்புக்கு வந்தது. பதிவேடு ஒன்று வந்தது. பெயர், வீட்டு எண், நோக்கம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கையொப்பம். பதிவேட்டை யார் எழுதுவது என்று கேள்வி வந்தபோது எல்லார் கண்ணும் ஒரே திசையில் திரும்பின. "நம்ம மேடம் இருக்காகள்லா, எழுதுத கை" என்றார்கள். முடியாது என்று சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

ஆக, ஒரு நாவலாசிரியை தினமும் லிஃப்ட் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஹமீது பாய், ஜி-இரண்டு, தூக்கம், உள்ளே 11.00, வெளியே 11.00 என்று எழுதிக்கொண்டிருந்தாள். ஜெபமணி, மூன்று-இரண்டு, பேப்பர் திருத்துதல், உள்ளே 11.15, வெளியே 11.15. நூற்றுக்கணக்கான வரிகளில் ஒன்றில்கூட இரண்டு நேரமும் மாறி வரவில்லை, ஆவுடையப்பன் சனிக்கிழமைதோறும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்துப் பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். வியாழக்கிழமை அவள் முறை. கால் மணி நேரம். உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி, மாடத்தியின் முகத்தைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் டைம்பீஸ் அலறும், அலறினால் ஒரு வாக்கியம் போச்சு. அதுவும் தனியாகப் போக விடுவார்களா? "மேடம், நானும் ஒரு ஓரமா இருந்துக்கிடுதேன், பேசவே மாட்டேன்" என்று யாராவது தொற்றிக்கொள்வார்கள், லிஃப்ட் முனகி நின்றதும் "நீங்க இந்தக் கதையெல்லாம் எப்படி யோசிக்கிய?" என்று ஆரம்பிப்பார்கள், டைம்பீஸ் அலறியதும் அவர்களே மூன்று தட்டும் தட்டிவிடுவார்கள். மாசிக்குள் மிச்சமிருந்தது பதினான்கு வாக்கியம். வீட்டுக்கு வந்து புருஷனிடம் அழுதாள். "விடு உலகு, அடுத்த வியாழக்கிழமை எழுதிக்கிடலாம்" என்றார் அவர்.

பங்குனியில் வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. சங்கத்தின் ஆண்டறிக்கையைத் தானே எழுதப்போவதாக ஆவுடையப்பன் உள்ளே போனார். செயலாளர் என்பதால் டைம்பீஸை எடுத்து வெளியே வைத்துவிட்டுப் போனார். கதவு மூடியது, திறந்தது, நெஞ்சுவரை தாடியோடு, வளைந்து வளர்ந்த நகங்களோடு ஒரு சாமியார் வெளியே வந்து பதிவேட்டின் முன் நின்றார். கையில் இருந்த வெள்ளைத்தாளில் 'அன்பார்ந்த குடியிருப்போரே' என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. உலகம்மாள் பேனாவைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள்.

"வெளியே வந்த நேரம் என்ன சார் போட?"

அவர் அந்த வெள்ளைத்தாளை நாலாக மடித்தார். மெல்லிய குரலில், "ஒத்தை வரி வரமாட்டேங்கு மேடம். எட்டு மாசம் இருக்கும். செவுத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். அப்போது அவளுக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது. ஆனால் சாயங்காலத்துக்குள் தாடியை மழித்துக்கொண்டு வந்தவர் மறுபடியும் செயலாளராகிவிட்டார், இந்த லிஃப்ட் ஆபத்து, மனுஷனைக் கொன்றுவிடும், நாளை மறுநாள் நாலு மணிக்கு மெக்கானிக் வருகிறான், கன்ட்ரோல் போர்டையே மாற்றப்போகிறோம் என்று அறிவிப்பு ஒட்டினார். யாரும் மறுக்கவில்லை. வந்தபோது ஆச்சரியப்படாதவர்கள் போகும்போதும் வருத்தப்படவில்லை. துணிதான் காய மாட்டேங்குதே என்றாள் ஒருத்தி.

சொன்ன நாளில் நாலு மணிக்கு மெக்கானிக் பையோடு மூன்றாம் மாடிக்கு வந்தபோது லிஃப்ட் வாசலை அடைத்துக்கொண்டு உலகம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் நாவல் கட்டு, பக்கத்தில் பத்து ரீம் வெள்ளைத்தாள், இரண்டு டஜன் பேனா. தலைக்குள் பதினோரு வாக்கியம். சத்தம் கேட்டு எல்லாரும் கூடிவிட்டார்கள்.

"மேடம், எந்திரிங்க. அசிங்கமா இருக்கு" என்றார் ஆவுடையப்பன்.

"எது சார் அசிங்கம்? ஆறு மாசம் நீங்க தூங்குனதையும் அழுததையும் கணக்கெழுதினேனே, அதுவா? இத்தனை வருஷமா உங்க வீட்டு நல்லதுக்கும் கெட்டதுக்கும் எழுதித் தந்தேன், நீ என்ன எழுதுதன்னு ஒரு ஆளு கேட்டிருப்பியளா? எனக்கு உங்க நேரத்துல ஒரு நொடி வேணும். ஒரே ஒரு நொடி! அதுக்குக்கூட இந்தக் கட்டடத்துல வழியில்லையா?" அவள் குரல் உடைந்து, படிக்கட்டு முழுக்கக் கேட்டது. 

மெக்கானிக்தான் பேசினான். அலுப்பாக, பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே, "ஒரு நொடிதானே சார். நான் ஸ்பேனர் எடுக்கதுக்குள்ள வந்துருவாக, விடுங்க" என்றான். ஆறு மாதத்தில் அந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஒரே மனுஷன். உலகம்மாளுக்கு அவன் காலில் விழலாம் போலிருந்தது. ஆவுடையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாவியை நீட்டினார். தாள்களை எல்லாரும் சேர்ந்து உள்ளே தூக்கி வைத்தார்கள், அவள் ஏறினாள், கதவு மூடப்போகும் கடைசி இடைவெளியில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து சங்கரலிங்கம் எக்கிக்கொண்டு, "உலகு, அந்த" என்றார். கதவு மூடிக்கொண்டது.

லிஃப்ட் முனகி நின்றது. அவள் மாடத்தியைக் கூப்பிட்டாள், மாடத்தி வந்தாள், பதினோரு வாக்கியங்களையும் உலகம்மாள் ஒரே மூச்சில் தாளில் இறக்கி வைத்தாள். உதிர்ந்துபோன இருபத்தொன்பதும் திரும்ப வரவில்லை. அவற்றுக்காக நகம் வளர்ந்து வளைந்து, கடித்து எறிந்து, மறுபடி வளரும்வரை காத்திருந்தாள், அப்புறம் அவை வரமாட்டா என்று தெரிந்ததும் ஒரு மூச்சு அழுதுவிட்டு, வேறு வாக்கியங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தாள். மாடத்தி ஒருவழியாக இன்னொரு காலையும் தூக்கிப் படியில் வைத்து, தகரப்பெட்டியை உள்ளே தள்ளி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள், பஸ் கிளம்பியது. கிளம்பிய பிறகும் வெளியே வர உலகம்மாளுக்கு மனசில்லை. முதல் அத்தியாயத்திலிருந்து முழுவதையும் திருப்பி எழுதினாள். பிடிக்காமல் இன்னொரு தடவை எழுதினாள். தூங்கினாள், எழுந்தாள், எழுதினாள், சும்மா இருந்தாள். தோள்வரை இருந்த தலைமுடி இடுப்பைத் தாண்டியது, கறுப்பு நுனிக்குப் போய்விட்டது. நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி, பொய் சொல்லக்கூடாது.

அந்த நிம்மதிக்குள் ஒரே ஒரு முள். "உலகு, அந்த." அந்த என்றால் எந்த? எழுதுகிற கை நின்றபோதெல்லாம் அது வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தக் கதையை எனக்கும் வாசித்துக் காட்டு என்று சொல்ல வந்தாரோ. அந்த ஆவுடையப்பனை நீ கேட்டது சரிதான் என்று சொல்ல வந்தாரோ. அந்தக் காலத்திலேயே நான் உன்னை எழுத விட்டிருக்க வேண்டும் என்றாரோ, முப்பத்திரண்டு வருஷத்தில் ஒருநாளாவது அந்த மனுஷனுக்கு அப்படித் தோன்றியிருக்காதா. ஒவ்வொரு வாலாக ஒட்டிப் பார்த்தாள், சில வால்களை நினைத்துத் தனியாகச் சிரித்தாள், ஒன்றை நினைத்து அழக்கூட அழுதாள். வருஷக்கணக்கில் அவளுக்கிருந்த ஒரே பேச்சுத்துணை அந்த அரை வாக்கியம்தான்.

கடைசித் தாளைக் கட்டோடு சேர்த்து, எழுந்து, தரையில் மூன்று தடவை காலைத் தட்டினாள். லிஃப்ட் ஏறியது, கதவு திறந்தது. மெக்கானிக் குனிந்து பைக்குள் கையை விட்டபடி இருந்தான். ஆவுடையப்பன் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். கூட்டத்துக்குப் பின்னால் சங்கரலிங்கம் எக்கிய குதிகாலை அப்போதுதான் கீழே இறக்கினார்.

"பிரஷர் மாத்திரை டப்பாவ எங்க வச்ச?" என்றார்.

"ஃப்ரிட்ஜுக்கு மேல, இடது ஓரம், மிக்ஸி மூடிக்குப் பின்னால" என்று உலகம்மாளின் வாய் தானாகச் சொல்லியது.

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. அட பாவி மனுஷா, இதுக்கா, இதுக்கா இத்தனை வருஷம் என்று கோபம் பொங்கியது. அவர்மேல் பாதி, தன்மேல் பாதி. உள்ளே அத்தனை வருஷத்தில் அம்மாவின் முகம்கூட மங்கிப்போயிருந்தது, மிக்ஸி மூடி மட்டும் வைத்த இடத்தில் அப்படியே இருந்ததே. நாவல் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்போதுதான் எல்லாரும் பார்த்தார்கள், இடுப்புக்குக் கீழே வெள்ளை வெளேரென்று தொங்கிய முடியை, சுருங்கிய கையை, கிழிந்து பழுப்பேறிய புடவையை. ஜெபமணி டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். சங்கரலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, அவள் முன்னால் நின்று, கையை நீட்டி, அந்த முடியைத் தொடப் பயந்து அப்படியே நின்றார்.

"உலகு, உனக்கு எத்தனை வருஷம் ஆச்சு?"

"அத விடுங்க" என்றாள். "போய் மாத்திரையப் போடுங்க. மணி நாலுதான், இன்னும் நேரமாகல."